நாங்கள் விளையாடாமல் நின்ற ஞாயிற்றுக்கிழமை

புதுத் தாமானில் இருக்கும் உட்புறக் காற்பந்து அரங்கத்தைப் பற்றி எங்கள் தோட்டத்து ஆட்கள் யாராவது குறை சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அது அங்கே வந்ததற்கு நான்தான் காரணம். பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் திடலுக்கு வரவேண்டிய கால்வாயையும் விளக்கையும் தடுத்து, அந்தப் பணத்தை ஒரு கூரைக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவான் நான். டிப்ளோமா படித்தவன், மலாயில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்தவன். வேறு யாருக்கும் இந்த அளவு திறமை கிடையாது.

அரங்கம் நன்றாகவே இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். செண்டாயான் போகிற வழியில் செம்பனையை வெட்டித் தள்ளிவிட்டு வீடுகள் கட்டினார்களே, அதுதான் புதுத் தாமான். அதன் நடுவில் உயரமான கூரை, பச்சை ரப்பர் தரையில் இரண்டு ஆடுகளம், சுற்றிலும் வலை, மூலைக்கு ஒரு பெரிய காற்றாடி. வெளியே இடி இடித்தாலும் உள்ளே பந்து உருளும். போனில் முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். மணி அடித்தால் வெளியே வந்துவிட வேண்டும். அடுத்த குழு காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். வியாழக்கிழமைதோறும் வேலை முடிந்து தொழிற்சாலை ஆட்களோடு அங்கே போகிறேன். வியர்க்கிறது. கோல் போடுகிறேன். பந்தைத் தவறவிட்டால் "பரவால்ல பாஸ்" என்கிறார்கள். யாரும் என்னைத் திட்டுவதில்லை.

எங்கள் திடலில் ஒருவன் பந்தைத் தவறவிட்டால் முதலில் அவன் அப்பாவைத் திட்டுவார்கள். பிறகு அவனை. பிறகு அவன் லயத்தையே திட்டுவார்கள். அந்த வரிசை மாறாது. அப்பா பக்கத்தில் நின்றால் அவரும் சேர்ந்து திட்டுவார்.

லயம் என்றால் ரப்பர் காலத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். எங்கள் தோட்டத்தில் இரண்டு லயங்கள். மேட்டில், கோயிலை ஒட்டி இருப்பது மேல் லயம். பள்ளத்தில், ஓடைப் பக்கம் இருப்பது கீழ் லயம். இரண்டுக்கும் நடுவே திடல். இப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவர்கள் டவுன் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். நான் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே நாங்களும் போய்விட்டோம். ஆனால் ஞாயிறு மாலை நாலு மணி என்றால் எல்லாரும் திடலில் இருப்போம். மோட்டாரில் மூன்று மூன்று பேராக, பழைய காரில் ஆறு பேராக, வேலைச் சட்டையோடு, கல்யாண வீட்டு வேட்டியோடு, எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவோம்.

ஆட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். வந்தவன் விளையாடுவான், அவனுடைய லயத்துக்கு விளையாடுவான். ஆள் கணக்கெல்லாம் கிடையாது. ஒருமுறை மேல் லயத்தில் பதினேழு பேர், கீழ் லயத்தில் பதினொரு பேர். அடுத்த வாரம் தலைகீழ். வீடு மாறினாலும் லயம் மாறாது. கட்டிக்கொண்ட பெண் எந்த லயமோ மாப்பிள்ளையும் அந்த லயம். கெமாஸில் ரயில் வேலை பார்க்கும் ஒரு மாமா அப்படித்தான் கீழ் லயத்து ஆளானார். சண்டை போட்டுக்கொண்டு மாமி தாய்வீட்டுக்குப் போயிருந்த மாதங்களிலும் அவர் கீழ் லயத்துக்கே விளையாடினார், அதுவும் மாமியின் அண்ணனுக்குப் பந்து கொடுத்து.

காலேஜ் நண்பன் ஒருவனை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு பேர அந்தப் பக்கம் அனுப்பு லா, சமமாயிரும்" என்றான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். கீப்பர் அண்ணன் கையுறையைக் கழற்றினார்.

"பங்கு, இந்தத் தம்பி நம்ம வீட்டுப் புள்ளைங்கள தத்து கொடுக்கச் சொல்றாப்ல" என்றார்.

நண்பன் அதற்குப் பிறகு எண்ணவில்லை.

கீப்பர் அண்ணன் கீழ் லயத்துக் கோலில் நிற்பவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே அவரைத் தவிர வேறு யாரும் நின்றதில்லை. வாரம் முழுக்கத் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளம் கொடுத்தாலும் ஓட்டம் எடுக்க மாட்டார். வீட்டில் கேட்டால், "ஆறு நாள் ரோட்டப் பாக்குறேன். ஒரு நாள் என் ஆளுங்க மூஞ்சியப் பாக்குறேன்" என்பாராம். நல்ல உயரம், பெரிய தொப்பை. பந்து அவர் மேல் பட்டுத் திரும்புவதற்கே அந்தத் தொப்பையை வளர்க்கிறார் என்று மேல் லயத்தில் சொல்லுவோம். பதிலுக்கு அவர் எங்கள் வீட்டுக் கதைகளையெல்லாம் எடுத்துவிடுவார். தொண்ணூறு நிமிடமும் வாய் ஓயாது.

பிரச்சினை தண்ணீர்தான். அவருடைய கோலுக்கு இடப்பக்கத்து மூலை பள்ளம். முன்பெல்லாம் மழைத் தண்ணீர் கால்வாயில் இறங்கி ஓடைக்குப் போய்விடும். புதுத் தாமானுக்குச் சாலை போட்டபோது மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள். கால்வாய் அதன் அடியில் போய்விட்டது. எங்கள் பக்கத்து மழையோ பிற்பகல் மூன்று மணிக்கு வேலைக்கு வருவதுபோல வரும். ஒரு மழைக்கு மூன்று நாள் அந்த மூலையில் முழங்கால் தண்ணீர். அது மெல்ல மெல்ல நடுக்கோடு வரை வந்துவிட்டது. மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு ஆட்டம் இருக்கும், இரண்டு ஞாயிறு இருக்காது.

கீப்பர் அண்ணனுக்கு அதுதான் பயம். ஈரத் திடலோரம் மோட்டார்மேல் உட்கார்ந்துகொண்டு ஒருநாள் சொன்னார்: "நாலு வாரம் வெளாடலன்னா அஞ்சாவது வாரம் காஞ்சு கெடந்தாலும் எவனும் வர மாட்டான் லா. அவனவன் வீட்ல படுத்துருவான். அப்புறம் சாவுக்குத்தான் பாத்துக்குவோம்."

அந்த நேரத்தில்தான் நகராண்மைக் கழகம் ஓர் அறிவிப்பு விட்டது. மக்கள் விளையாட்டுக்கு ஒதுக்கிய பணம் இருக்கிறது, அதை வைத்து இருக்கிற திடல்களைச் சீர்செய்வதா, அல்லது புதுத் தாமானில் மழைக்குப் பயப்படாத உட்புற அரங்கம் ஒன்று கட்டுவதா என்று யோசிக்கிறார்கள், குடியிருப்பாளர்கள் எழுதலாம். நான் எழுதினேன். இரண்டு பக்கம். ஒரு கால்வாய், இரண்டு விளக்குக் கம்பம், அவ்வளவுதான் கேட்டேன். ஓர் அரங்கத்தின் கூரைக்கு ஆகிற பணத்தில் எத்தனை திடல்களுக்குக் கால்வாய் வெட்டலாம் என்று நறுக்கென்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடிக்கிறது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. திடலை வார இறுதியில், வழக்கமாகப் பயன்படுத்தப்படும் நிலையில் பார்வையிட, வருகிற ஞாயிறு ஐந்து மணிக்கு ஓர் அதிகாரி வருவார் என்று எழுதியிருந்தார்கள். கோயில் பின்னால் இருக்கும் சமையல் கொட்டகையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். "வழக்கமாக" என்ற சொல்லையும் சேர்த்துத்தான் வாசித்தேன். யார் காதிலும் அது விழவில்லை. என் காதிலேயே விழவில்லை. அதிகாரி வருகிறார் என்பது மட்டும் விழுந்தது.

தோட்டத்தில் துரை பார்வைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் துரையைப் பார்த்ததும் இல்லை. இருந்தாலும் தெரியும். முதல் நாளே வாசலைக் கூட்ட வேண்டும். கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே போட வேண்டும். கோழியை அடைக்க வேண்டும். ஒழுகுகிற இடத்தில் வாளியை வைக்காமல் அலமாரியை நகர்த்தி மறைக்க வேண்டும். அவர் வரும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும். தோட்டம் கம்பெனி மாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, வெட்டுவதற்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து, எல்லாம் மாறிவிட்டது. பெரியவர் வருகிறார் என்றால் கை மட்டும் இன்னும் விளக்குமாற்றைத் தேடுகிறது.

அந்த ஒரு வாரம் திருவிழாவே நடத்தினோம். கெமா போடுகிற ஒருவர் கீழ் லயத்தில் இருந்தார். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைக் கூடாரத்தை இலவசமாகக் கொண்டுவந்து திடலின் சரியான நடுவில் அடித்தார். நாற்காலிகளுக்குச் சிவப்புத் துணி. கோல் கம்பத்துக்குப் புது வலை, அதன்மேல் சாமந்தி மாலை. புல்லை ஒட்ட வெட்டினோம். மாடுகளை ஓடைக்கு அப்பால் கட்டினோம். மூலைத் தண்ணீருக்கு என்ன செய்வது என்று யோசித்து, பாதியை வாளியால் இறைத்தோம். மீதிக்கு மேல் பலகைகளை அடுக்கி, கோயில் சிவப்புக் கம்பளத்தை விரித்து, அங்கே சாப்பாட்டு மேசையைப் போட்டோம். கம்பளம் என் யோசனை.

ஆட்டத்தை நிறுத்தியதும் என் யோசனை. எங்கள் ஆட்டத்தை வெளியாள் கண்ணால் ஒருமுறை பார்த்தேன்; எனக்குக் கூச்சமாகிவிட்டது. பாதிப் பேர் வெறுங்கால். மூன்று பேருக்குச் சட்டை இருக்காது. ஒரு பக்கம் பதினைந்து, ஒரு பக்கம் இருபது. அப்பாக்களைத் திட்டுவது வேறு. இதைப் பார்த்துவிட்டு எவன் விளக்குக் கம்பம் கொடுப்பான்?

"இன்னிக்கு யாரும் வெளாட வேணாம். எல்லாரும் ஜெர்சி போட்டு வரிசையா நில்லுங்க. நீட்டா இருக்கணும்" என்றேன்.

கீப்பர் அண்ணன் மட்டும் முகத்தைச் சுளித்தார். "டேய், வெளாடுறத பாக்கத்தானே வர்றாரு?"

"அண்ணே, ஆபிஸ் விஷயம்லாம் ஒரு மாதிரி. ஒங்களுக்குத் தெரியாது."

"தண்ணி நிக்குதுன்னு எழுதிட்டு தண்ணிய மூடி வைக்கிறியே. அதையாச்சும் காட்டு."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சூடேறிவிட்டது.

"அண்ணே, நீங்க லோரிய ஓட்டுங்க. இத நான் ஓட்டுறேன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வழக்கமாக என் ஏழு தலைமுறையையும் இழுக்கிற வாய், அன்று ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அதிகாரி ஐந்து மணிக்குச் சரியாக வந்தார். நல்ல மனிதர், மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். கூடவே கையில் தட்டுக்கணினியோடு ஓர் இளம் உதவியாளர், தலையில் துடோங் கட்டிய பெண். இரண்டு பேரும் விளையாட்டுச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், சேற்றில் நடக்கத் தயாராக. நாங்கள் பளபளவென்று நின்றோம். முப்பத்திரண்டு பேர், இரண்டு வரிசை, இஸ்திரி போட்ட ஜெர்சி, பின்னால் கட்டிய கைகள். பந்து மட்டும் எங்கேயும் இல்லை. யாரோ அதைக் கோயில் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

"இன்னிக்கு ஆட்டம் இல்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்ல என்சிக். நீங்க வர்றீங்கன்னு நிறுத்திட்டோம்" என்றேன். மரியாதை தெரிந்தவர்கள் என்று அவர் நினைக்க வேண்டும் என்பதற்காக அழுத்திச் சொன்னேன்.

அவர் கூடாரத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். "கல்யாணமெல்லாம் இங்கேதான் வைப்பீங்களா?"

கெமாக்காரருக்கு ஒரே பெருமை. "ஆமா ஆமா, கல்யாணம், கோயில் விருந்து, பொறந்த நாள், எல்லாம் இங்கதான்." உதவியாளர் தட்டிக் குறித்துக்கொண்டாள்.

பிறகு சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப்போனோம். அம்மா அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டியிருந்தார். அதிகாரி தட்டை வாங்கிக்கொண்டு கம்பளத்தின் மேல் நின்று சாப்பிட்டார். இரண்டு வாய் சாப்பிட்டதும் கேட்டார்: "தண்ணி நிக்குதுன்னு எழுதியிருந்தீங்களே. அது எந்த இடம்?"

அவர் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

முப்பத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மேசையை நகர்த்திக் கம்பளத்தைத் தூக்கினால் முடிந்தது. ஆனால் அதற்கு விருந்தாளியின் கையில் இருக்கும் தட்டை வாங்க வேண்டும், அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும், கோயில் கம்பளத்தின் அடியில் கொசு மொய்க்கும் சேற்றைக் காட்ட வேண்டும். ஒரு நொடிதான். என்னால் முடியவில்லை.

"இப்ப பரவால்ல என்சிக். காஞ்சிருச்சு."

பக்கத்தில் நின்ற கீப்பர் அண்ணன் கம்பளத்தின் ஓரத்தைக் காலால் ஒரு மிதி மிதித்தார். பலகைக்கு அடியில் சளக் என்றது. அதிகாரி கவனிக்கவில்லை. உதவியாளர் தலையைத் தூக்கினாள். பிறகு குனிந்துகொண்டாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தே தாரேக் ஆற்றிக் கொண்டுவரப் போய்விட்டேன்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். திடல் நல்ல நிலையில் பராமரிக்கப்படுகிறது. சமூக நிகழ்ச்சிகளுக்குப் பெரிதும் பயன்படுகிறது. விளையாட்டுப் பயன்பாடு காணப்படவில்லை. வடிகால் குறை காணப்படவில்லை. ஒதுக்கீடு உட்புற அரங்கத்துக்குச் செல்லும். உபசரிப்புக்கு நன்றி.

ஒரு வரி கூடப் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. திட்டி ஒரு பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

அரங்கம் திறந்த முதல் மாதத்தில் ஒரு ஞாயிறு, திடலில் தண்ணீர் நின்றதால், எல்லாரும் அங்கேயே போனோம். இருபத்தாறு பேர். முகப்பில் இருந்த பையன் எழுந்து எட்டிப் பார்த்தான்.

"பத்துப் பேர் மட்டும் பாஸ். மத்தவங்க மேல உக்காந்து பாக்கலாம்."

பத்துப் பேர். லயத்துக்கு ஐந்து. இருபத்தாறு பேரில் யார் அந்தப் பத்து? நாங்கள் அங்கேயே நின்றோம். எங்களில் யாருக்கும் ஆள் எடுக்கத் தெரியாது. வாழ்க்கையில் ஒருமுறைகூட எடுத்ததில்லை. "நீ போ", "இல்ல லா நீ போ" என்று கால் மணி நேரம் போனது. அதற்கும் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் சப்பாத்து வைத்திருந்தவர்கள் உள்ளே போனோம். வெறுங்கால் ஆட்கள் படியேறி உட்கார்ந்தார்கள்.

கீப்பர் அண்ணன் உள்ளே வந்தார். அந்தச் சின்னக் கோலில் நின்று கையை விரித்தார். வலையே தெரியவில்லை.

"அண்ணே, நிக்க வேணாம். சும்மா படுத்தாப் போதும்" என்றது யாரோ. எல்லாரும் சிரித்தோம். கூரைக்கு அடியில் சிரிப்பு ஒரு மாதிரி கேட்டது, பெரிதாக, எங்களுடையது இல்லாததுபோல. அவர் வாயைத் திறந்து மேல் லயத்தைத் திட்ட ஆரம்பித்தார். பக்கத்து ஆடுகளத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் வந்து, "அங்கிள், கொஞ்சம் மெதுவா" என்றான்.

அவர் மெதுவாக விளையாடினார். அடுத்த ஞாயிறு லோரி ஓட்டம் எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறும்.

அவர் இல்லை என்றதும் கெமாஸ் மாமா அவ்வளவு தூரம் வருவதை நிறுத்தினார். பிறகு கீழ் லயத்தில் நாலு பேர் தனியாக ஒரு குழு சேர்த்து செவ்வாய்க்கிழமை பதிவு செய்தார்கள். எனக்குத் தொழிற்சாலைக் குழு கிடைத்தது. யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். ஐந்து ஐந்தாகக் கழன்றுபோனோம், அவ்வளவுதான். அண்ணன் சொன்னதுபோலவே சென்ற வருடம் ஒரு சாவில்தான் எல்லாரையும் ஒன்றாகப் பார்த்தேன். கறுப்புச் சட்டையில் அடையாளம் தெரியாமல், மரியாதையாக "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுக்கொண்டோம். நீங்க. என் அப்பாவைக் கெட்ட வார்த்தையில் திட்டிய வாய்கள்.

இதையெல்லாம் ஒருநாள் வீட்டில் புலம்பினேன். தங்கச்சி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். அவள் புதன்கிழமை பெண்கள் குழுவில் விளையாடுகிறாள், அந்த அரங்கத்தில்தான்.

"அந்த ஹால்ல காசக் கொட்டுனது வேஸ்ட்டுன்ற?"

"வேஸ்ட்டுன்னு சொல்லல. தெடலுக்கும் கொஞ்சம் குடுத்திருக்கலாம்."

"வந்தவன் வெளாடுவான், வந்தவன் வெளாடுவான்னு பெரிய சட்டம் பேசுறியே. நான் எத்தன ஞாயித்துக்கெழம அங்க வந்து நின்னேன்? எவனாச்சும் கூப்பிட்டீங்களா?"

"நீ கேக்கவே இல்லையே."

"நீங்கள்லாம் கேட்டுட்டுத்தான் எறங்குனீங்களா? அந்த ஹால்ல பேர எழுதுனேன், உள்ள விட்டான். பத்துப் பேர்தான். ஆனா நான் அதுல ஒருத்தி." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "தண்ணி பாட்டில் எடுத்துட்டு வான்னு மட்டும் கூப்புடுவீங்க" என்றாள்.

என் தட்டை அன்று நானே கழுவினேன்.

இந்த வருடம் மீண்டும் ஓர் அறிவிப்பு வந்தது. மீதி இருக்கும் திடல்களில் பயன்பாட்டில் உள்ளவற்றைச் சீர்செய்வார்களாம். இல்லாதவற்றை வேறு தேவைக்கு ஒதுக்குவார்களாம். கடிதம் எழுதவில்லை, நகராண்மை அலுவலகத்துக்கு நேரே போனேன். முகப்பில் இருந்தவள் அதே உதவியாளர். இப்போது அவளே அதிகாரி. என்னை அடையாளம் தெரிந்தது.

"மீகூன்" என்றாள். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னாள்: "நான் எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன். நீங்க எப்ப வெளாடுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு" என்றேன். சொன்னபோது அது பொய். திடலில் இடுப்பளவு புல்.

அன்றைக்கே போன் போட ஆரம்பித்தேன். ஒருவனுக்கு முட்டி போய்விட்டது. ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பசாரில் கடை. ஒருவன் போர்டிக்சனுக்கு வீடு மாறி, "பாப்போம் லா" என்றான். பாப்போம் என்றால் வர மாட்டான். கடைசியில் கீப்பர் அண்ணன்.

"ஓட்டம் இருக்குடா."

"அண்ணே, அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"எந்த வார்த்த?"

"லோரிய ஓட்டுங்கன்னு."

எதற்கோ ஹார்ன் அடித்தார். "நீ சொன்ன மாதிரியே ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார். வைத்துவிட்டார்.

போன ஞாயிறு மூன்று மணிக்கு, சொல்லிவைத்ததுபோல மழை. நாலு மணிக்கு விட்டது. நான் இரண்டு நாளாகப் புல் வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டியிருந்தேன். மூலையில் குளம் நின்றது, வானம் தெரிகிற அளவுக்கு. அதை மூடவில்லை. மாடுகளையும் விரட்டவில்லை. மேல் லயத்தில் நான், இன்னும் இரண்டு பேர். கீழ் லயத்தில் நாலு பேர். அந்த நாலில் கெமாஸ் மாமாவும் ஒருவர், தலைமுடி வெள்ளையாகி. கீழ் லயத்துக் கோல் காலியாக இருந்தது.

தங்கச்சி சப்பாத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். தண்ணீர் பாட்டில் கொண்டுவரவில்லை.

"இது எந்த லயம்?" என்றார் கெமாஸ் மாமா, தெரியாதவர்போல.

"மேல் லயம். நீங்கதான் மாமா எங்கிருந்தோ வந்தவரு" என்றாள்.

அவருக்கு வாயெல்லாம் பல்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சாலையோரம் லோரி ஒன்று வந்து நின்றது. சரக்கு ஏற்றிய லோரி. கீப்பர் அண்ணன் வேலைச் சப்பாத்தோடு இறங்கி, நேராகக் கோலுக்குப் போய், குளத்தில் ஒரு காலும் புல்லில் ஒரு காலுமாக நின்றார். இப்போது எங்களுக்கு நாலு, அவர்களுக்கு ஐந்து. ஒருவரை இந்தப் பக்கம் அனுப்பலாமா என்று யாரும் கேட்கவில்லை.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். லோரிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் மெதுவாக வந்து நின்றது. கண்ணாடி இறங்கவில்லை. எங்கள் கால்கள் தாமாகவே தயங்கின. ஒருவன் சட்டையைத் தேடிக் குனிந்தான். என் கை பின்னால் போனது.

"எவனாச்சும் பந்த நிறுத்துனீங்க, கால ஒடச்சிருவேன் லா" என்றார் கீப்பர் அண்ணன். சத்தம் போடவில்லை. சொன்னார்.

பந்து ஓடியது. யாரும் சாலைப் பக்கம் பார்க்கவில்லை. நான் மட்டும் ஒருமுறை பார்த்தேன். அந்தப் பெண் அதிகாரிதானா, வழி தவறி வந்த யாரோவா, தெரியவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் யாராக இருந்தாலும் அன்றைய முப்பத்திரண்டு பேரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. பதினேழுக்குப் பதினைந்து. வெறுங்கால், சட்டையில்லாமல், கோல் கம்பத்தில் மாலை இல்லாமல். பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு எங்கே வேண்டுமானாலும் கூரை போடட்டும்.

நான் அப்படி நின்ற நேரத்தில் கெமாஸ் மாமா அடித்த பந்து என் கால்களுக்கு நடுவே போய், சேற்றைத் தெறிக்கவிட்டுக்கொண்டு, காலியாகக் கிடந்த எங்கள் கோலுக்குள் உருண்டது.

முதலில் என் அப்பாவைத் திட்டினார்கள். பிறகு என்னை. பிறகு மேல் லயத்தையே திட்டினார்கள். அதில் தங்கச்சியும் சேர்ந்துகொண்டாள், தானும் அதே லயம் என்பதை மறந்து. நான் திரும்பி நின்று முழுவதையும் கேட்டேன். வரிசை மாறவில்லை. வார்த்தைகளும் அதே வார்த்தைகள்தான். ஆனால் எட்டுப் பேர் திட்டினால் செம்பனை வரைகூடப் போய்ச் சேரவில்லை. முன்பெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.